அத்தியாயம் 6: ஐந்து வேளையில் மலாக்கா

பூச்சோங்கில் எங்கள் வரிசையில் மட்டும் மூன்று வீட்டுப் பிள்ளைகள் மலாக்காவில் படித்திருக்கிறார்கள். புக்கிட் பெருவாங்கில் மல்டிமீடியா பல்கலைக்கழகம், டுரியான் துங்காலில் யுடெம் எனப்படும் மலாக்கா மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், புக்கிட் பாருவில் மணிப்பால் மருத்துவக் கல்லூரி. அந்த ஊரை நம்மில் பலர் முதலில் அறிவது சுற்றுலாப் பயணியாக அல்ல. மெத்தை, மின்விசிறி, அரிசிக் குக்கர் எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டு, பிள்ளையை விட்டுவரப் போகும் பெற்றோராகத்தான் அறிகிறோம். விட்டுவிட்டு வந்த பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பார்க்கப் போகிறோம். அப்படிப் போகிறவர்களுக்கும், பிள்ளை அங்கே இல்லாமலே இரண்டு நாள் போய் வர நினைப்பவர்களுக்கும் இந்த அத்தியாயம்.

என் மகள் அங்கே சேர்ந்த ஆண்டில் குடும்பத்தோடு முதல் தடவை போனோம். பள்ளி விடுமுறைச் சனிக்கிழமை, காலை பத்து மணிக்குத்தான் வீட்டை விட்டுக் கிளம்பினோம். சிரம்பான் தாண்டவே பன்னிரண்டரை ஆகிவிட்டது. மலாக்காவில் கார் நிறுத்த இடம் தேடி முக்கால் மணி நேரம் அதே தெருக்களைச் சுற்றினோம். பட்டியலில் எட்டு இடங்கள் எழுதி வைத்திருந்தேன், ஆறு பார்த்தோம். என் அம்மாவுக்கு முட்டி வீங்கிவிட்டது. மகள் பின்சீட்டில் தூங்கிவிட்டாள். அவளோடு உட்கார்ந்து பேசிய நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஒரு மணிகூடத் தேறவில்லை.

அதன் பிறகு எத்தனையோ தடவை போய்விட்டோம். அந்தப் பயணங்கள் கற்றுக்கொடுத்ததை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: இடங்களை எண்ணாதீர்கள், வேளைகளை எண்ணுங்கள். சனி காலை, சனி உச்சி, சனி மாலை, ஞாயிறு காலை, ஞாயிறு உச்சி என்று ஒரு வார இறுதியில் உங்கள் கையில் இருப்பவை ஐந்து வேளைகள்தாம். வேளைக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டால் ஊரும் மனதில் நிற்கும், உடம்பும் தாங்கும், பிள்ளையோடும் இருக்கலாம்.

எந்த வார இறுதி?

நாட்காட்டியைப் பார்க்குமுன் பிள்ளையைக் கேளுங்கள். தேர்வு வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை நாம் போய் நின்றால் அது அவர்களுக்குச் சுமை. மூன்றாம் நான்காம் வாரம் நல்ல காலம்: வீட்டு நினைப்பு அப்போதுதான் வாட்டும், பாடங்களின் நெருக்கடி இன்னும் முற்றியிருக்காது.

பட்டமளிப்பு விழா நடக்கும் வாரங்களில் ஆயர் குரோ பக்கம் அறை கிடைப்பது கடினம். சீனப் புத்தாண்டு, பள்ளி விடுமுறை, திங்கட்கிழமை பொது விடுமுறையோடு சேர்ந்த நீண்ட வார இறுதி ஆகிய மூன்றையும் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். மாசி மகத்தையொட்டி செங் பகுதியிலுள்ள சன்னாசிமலை ஆண்டவர் கோயிலில் பெருந்திருவிழா நடக்கும். திருவிழாவைப் பார்க்க வேண்டும் என்று போகிறவர்கள் வெகு முன்பே அறை எடுத்துவிட வேண்டும். அமைதியாகப் போய் வர நினைப்பவர்கள் வேறு வாரத்தைப் பாருங்கள்.

மழையை நினைத்துத் தள்ளிப்போட வேண்டியதில்லை. நம் ஊர்போலவே அங்கும் மழை பெரும்பாலும் பிற்பகலில் கொட்டி ஓய்ந்துவிடும். உச்சிவேளையை ஓய்வுக்கு ஒதுக்கிவிட்டால் மழை உங்கள் திட்டத்தைத் தொடாது.

எப்படிப் போவது?

காரில்: பூச்சோங்கிலிருந்து மலாக்கா ஏறக்குறைய 140 கிலோமீட்டர். நெரிசல் இல்லாவிட்டால் ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம். பண்டார் புத்ரி, பூச்சோங் பெர்டானா பக்கத்தில் இருப்பவர்கள் புத்ரா ஹைட்ஸ் வழியாக எலைட் நெடுஞ்சாலையில் ஏறி, நீலாய் அருகே வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் சேர்ந்துகொள்ளலாம். பூச்சோங் ஜெயா, கின்ராரா பக்கத்தில் இருப்பவர்களுக்குப் புக்கிட் ஜாலில் வழியாகச் சுங்கை பீசி போய் அதே நெடுஞ்சாலையில் ஏறுவது எளிது. வெளியேற வேண்டிய டோல் ஆயர் குரோ, எண் 231. அங்கிருந்து நகரின் நடுவே போக இருபது நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

காலை ஆறரைக்கு வண்டி கேட்டைத் தாண்டிவிட வேண்டும். பசியாறலைப் பெடாஸ் லிங்கி ஓய்வுத்தலத்தில் வைத்துக்கொள்ளலாம். அதைவிட நல்லது, வீட்டிலிருந்தே இட்லியும் ஒரு பிளாஸ்க் காப்பியும் எடுத்துப் போவது. ஓய்வுத்தலத்தில் வரிசையில் நிற்கும் அரை மணி நேரம் மிச்சம். டச் அண்ட் கோ அட்டையில் பணம் இருக்கிறதா என்று வெள்ளிக்கிழமை இரவே பார்த்துவிடுங்கள், டோலில் ரொக்கம் வாங்கமாட்டார்கள்.

பேருந்தில்: கார் இல்லாதவர்களுக்கும், ஓட்டக் களைப்பாக இருப்பவர்களுக்கும் பூச்சோங்கில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. 2016இல் நம் ஊருக்குள் வந்த எல்ஆர்டி, ஸ்ரீ பெட்டாலிங் தடம். பூச்சோங் நிலையம் எதில் ஏறினாலும் எங்கும் மாறாமல் நேராகப் பண்டார் தாசேக் செலாத்தானில் இறங்கலாம். நிலையத்தை ஒட்டியே டிபிஎஸ் பேருந்து முனையம். அங்கிருந்து மலாக்கா சென்ட்ரலுக்கு நாள் முழுக்கப் பேருந்துகள் உண்டு, பயணம் சுமார் இரண்டு மணி நேரம். வார இறுதி என்றால் டிக்கெட்டை இணையத்தில் முன்பே எடுத்துவிடுங்கள். மலாக்கா சென்ட்ரலிலிருந்து ஊருக்குள் போக நகரப் பேருந்தும் கிராப்பும் கிடைக்கும். நான்கு பேர் என்றால் கிராப்தான் சுலபம்.

ரயிலில்: மலாக்கா நகருக்குள் ரயில் கிடையாது. அருகிலுள்ள நிலையமான பூலாவ் செபாங், தம்பின் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஊருக்குள் காரில் முப்பது கிலோமீட்டருக்கு மேல். ஒரு காலத்தில் தம்பினிலிருந்து மலாக்காவுக்கு ஒரு கிளைப்பாதை இருந்தது. ஜப்பானியர் ஆட்சியில் அந்தத் தண்டவாளங்களைப் பெயர்த்து சயாம்–பர்மா மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோனார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட நம் ஆட்கள் ஆயிரமாயிரமாய் மாண்டது அந்தப் பாதையைப் போடும்போதுதான். மலாக்காவுக்கு ஏன் ரயில் இல்லை என்று பிள்ளைகள் கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

எங்கே தங்குவது?

மூன்று பகுதிகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயர் குரோ, புக்கிட் பெருவாங் பக்கம்: பிள்ளையின் விடுதிக்கு அருகில், டோலுக்கும் அருகில். கார் நிறுத்தச் சிரமம் இல்லை, வாடகையும் குறைவு. ஆனால் பழைய நகருக்கு ஒவ்வொரு தடவையும் காரில்தான் போக வேண்டும்.

டத்தாரான் பாஹ்லாவான், மக்கோத்தா பரேட் பக்கம்: மின்தூக்கியும் கார் நிறுத்துமிடமும் உள்ள விடுதிகள் இங்கே உண்டு. முதியவர்களோடு போகிறவர்களுக்கு இதுதான் பொருத்தம், புனித பால் குன்றும் கோட்டை வாசலும் நடந்துபோகும் தூரம்.

ஜோங்கர் தெருப் பகுதி: பழைய கடைவீடுகளை அழகாக மாற்றியமைத்த சிறு விடுதிகள். நடுமுற்றம், செங்கல் தரை, மரப்படி எல்லாம் கண்ணுக்கு நிறைவு. பணம் கட்டுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: மின்தூக்கி இருக்கிறதா? அறைக்குச் சன்னல் உண்டா? காரை எங்கே விடுவது? ஒரு தடவை இதைக் கேட்காமல் அறை எடுத்துவிட்டு, அம்மாவைக் கைத்தாங்கலாகச் செங்குத்தான மரப்படியில் ஏற்றினோம். அன்றிரவு அவர் கீழே இறங்கவே இல்லை.

எங்கே தங்கினாலும் காரை ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு மாலைவரை அதைத் தொடாதீர்கள். சாலையோர நிறுத்துமிடங்களுக்குச் சிலாங்கூரில் நாம் பயன்படுத்தும் செயலி அங்கே செல்லும் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம், பலகையைப் படித்துவிட்டு நிறுத்துங்கள். பெரிய கடைத்தொகுதிகளின் நிறுத்துமிடம் சற்று விலை கூடினாலும் நிம்மதி.

முதல் வேளை, சனி காலை: கோயில் தெரு

பிள்ளையை எழுப்பாதீர்கள். வாரம் முழுக்க ஓடிய பிள்ளைக்குச் சனிக்கிழமை காலைத் தூக்கம் சோற்றைவிட முக்கியம். மதியம் சாப்பாட்டுக்குச் சந்திப்பதாகச் சொல்லிவிட்டு, ஒன்பது மணிக்கு ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் இறங்குங்கள். பொற்கொல்லர் தெரு என்று பெயர். அதன் தொடர்ச்சியான ஜாலான் தோக்கோங்கையும் சேர்த்து நடந்தால் பத்து நிமிடத்துக்குள் ஓர் இந்துக் கோயில், ஒரு பள்ளிவாசல், ஒரு சீனக் கோயில் மூன்றையும் கடந்துவிடுவீர்கள்.

முதலில் ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில். டச்சுக்காரர் ஆட்சியில் கொடுக்கப்பட்ட நிலத்தில் 1781இல் மலாக்காச் செட்டி சமூகத்தார் எழுப்பியது. இந்நாட்டில் இன்றும் வழிபாடு நடக்கும் மிகப் பழைய இந்துக் கோயில்களில் ஒன்று. பத்துமலையையோ கோர்ட்டுமலையையோ மனதில் வைத்துக்கொண்டு போனால் இதன் அளவு உங்களை வியக்க வைக்கும். தெருவோடு தெருவாக, கடைவீடுகளின் வரிசையில் தோளொட்டி நிற்கிறது. உள்ளே நுழைந்து ஒரு தூண் ஓரமாக உட்காருங்கள். காலைப் பூசை முடிந்த நேரத்தில் கற்பூர வாசமும், ஈரத் தரையின் குளிர்ச்சியும், தெருவில் போகும் மோட்டார்சைக்கிளின் சத்தமும் சேர்ந்து வரும். நம் முன்னோர் இந்நாட்டுக்குப் பால் வெட்டத்தான் முதலில் வந்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு இந்தத் தூணடியில் வேறொரு கணக்கைச் சொல்லலாம். ரப்பர் மரம் இந்த மண்ணுக்கு வருவதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் முன்பே இந்தக் கோயிலில் மணி அடித்திருக்கிறது.

உச்சிவேளையில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால்தான் இதைக் காலையில் வைத்தேன்.

அடுத்து கம்போங் கிளிங் பள்ளிவாசல். இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1748இல் மரத்தால் கட்டி, 1872இல் செங்கல்லால் எடுத்துக் கட்டியது. மூன்றடுக்குக் கூம்புக் கூரை, சீனக் கோபுரம்போல் எழும் மினாரா, வெளிநாட்டு மெருகு ஓடுகள் என்று துறைமுகத்துக்கு வந்த எல்லா நாட்டுக் கைவண்ணமும் ஒரே கட்டடத்தில் கலந்திருக்கும். பெயரிலுள்ள சொல் இன்று நம் காதில் சுடும். பழைய நாளில் அது கலிங்கம் என்ற பெயரிலிருந்து வந்து, தென்னிந்திய வணிகரைக் குறித்த சொல். பிள்ளைகள் கேட்டால் மறைக்காமல் இரண்டையும் சொல்லுங்கள். தொழுகை நேரம் தவிர்த்துப் போங்கள், தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும்.

பிறகு செங் ஹூன் தெங் சீனக் கோயில். பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கூரை விளிம்பில் பீங்கான் துண்டுகளை ஒட்டிச் செய்த சிற்பங்களை நிமிர்ந்து பாருங்கள்.

பத்தரை மணிக்குள் மூன்றையும் பார்த்துவிடலாம். வெயில் ஏறத் தொடங்கும்போது ஒரு பழைய காப்பிக்கடையில் உட்கார்ந்துவிடுங்கள். முதல் வேளை இத்தோடு போதும்.

இரண்டாம் வேளை, சனி உச்சி: சாப்பாடு, நிழல், தூக்கம்

இந்த வேளையில்தான் பலர் தவறுகிறார்கள். காசு செலவழித்து வந்தோமே என்று பன்னிரண்டு மணி வெயிலில் ஜோங்கர் தெருவில் நடக்கிறார்கள். "அப்பா, சனிக்கிழமை மத்தியானம் ஜோங்கர் பக்கமே வராதீங்க, நாங்களே போகமாட்டோம்" என்று என் மகள் முதலாண்டிலேயே சொல்லிவிட்டாள். ஊரில் குடியிருக்கும் மாணவர்களின் பேச்சைக் கேளுங்கள்.

பிள்ளையை அழைத்துக்கொண்டு ஜாலான் பெண்டஹாராவிலுள்ள லிட்டில் இந்தியாவுக்குப் போங்கள். கிள்ளான் தெங்கு கிளானா சாலை அளவுக்கு நீளமில்லை, ஆனால் வாழை இலைச் சாப்பாடு நிறைவாகக் கிடைக்கும். விடுதிச் சாப்பாட்டில் சலித்த பிள்ளை இலையில் ரசம் ஊற்றிப் பிசைவதைப் பார்ப்பதே அம்மாக்களுக்கு இந்தப் பயணத்தின் பாதிப் பலன். அவசரப்படுத்தாதீர்கள். வகுப்பு, அறைத்தோழி, பணப் பற்றாக்குறை எல்லாம் இரண்டாம் தடவை மோர் வாங்கும்போதுதான் வெளியே வரும்.

சாப்பிட்டபின் அறைக்குப் போய்த் தூங்குங்கள். தூக்கம் வராதவர்களுக்கு ஜாலான் துன் தான் செங் லோக் தெருவில் பாபா நியோன்யா அருங்காட்சியகம் இருக்கிறது, நிழலில் ஒரு மணி நேரம் போகும். அதே தெருவில் 8ஆம் எண் வீட்டைப் படான் வாரிசான் அமைப்பு பழைய முறைப்படியே செப்பனிட்டு வைத்திருக்கிறது. சுண்ணாம்புச் சுவர் எப்படி மூச்சுவிடுகிறது, நடுமுற்றம் எப்படி வீட்டைக் குளிரவைக்கிறது என்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

நான்கு மணிக்கு ஒரு கிண்ணம் செண்டோல். இங்கே சற்று நின்று பாருங்கள். சீவிய ஐஸ் மலையாக வரும், மேலே பச்சை நூல்போல் செண்டோல், அதன்மேல் தேங்காய்ப் பால், கடைசியாகக் குலா மலாக்காப் பாகு. அந்தப் பாகு ஐஸின்மேல் கோடு போட்டு இறங்கும்போதே கலக்கிவிடாமல் முதல் கரண்டியை அந்தக் கோட்டில் எடுங்கள். புகைவாசமும் கசப்பின் ஒரு சாயலும் கலந்த இனிப்பு நாக்கில் நிற்கும். குலா மலாக்கா வேறொன்றுமில்லை, தென்னம்பாளையைச் சீவி இறக்கிய சாற்றைக் காய்ச்சி எடுக்கும் கருப்பட்டி. மூங்கில் குழாயில் ஊற்றி ஆறவைப்பதால்தான் உருளையாக இருக்கிறது. வீட்டுக்கு வாங்குகிறவர்கள் ஒரு துண்டு சுவைத்துப் பார்த்து வாங்குங்கள். வெறும் சீனி இனிப்பாக மட்டும் இருந்தால் வேறு கடை பாருங்கள்.

மூன்றாம் வேளை, சனி மாலை: குன்றும் ஆறும்

ஐந்தரைக்குப் புனித பால் குன்றில் ஏறுங்கள். வெயில் சாய்ந்திருக்கும், கடல்காற்று வீசும். மேலே நிற்கும் கூரையில்லாத தேவாலயம் 1521இல் போர்த்துகீசியர் கட்டிய சிற்றாலயத்தில் தொடங்கியது. புனித பிரான்சிஸ் சவேரியாரின் உடல் 1553இல் கோவாவுக்குக் கொண்டுபோகப்படுமுன் சில மாதங்கள் இங்கே வைக்கப்பட்டிருந்தது. தூத்துக்குடிக் கடற்கரையில் பரதவர்களிடையே வாழ்ந்த அதே சவேரியார்தான். ஆலயத்தின் முன்னுள்ள அவர் சிலைக்கு வலக்கை இல்லை, மரம் சாய்ந்து உடைந்தது.

மறுபக்கம் இறங்கினால் போர்த்தா டி சந்தியாகோ. 1511இல் போர்த்துகீசியத் தளபதி அல்புகர்க் மலாக்காவைக் கைப்பற்றியதும் எழுப்பிய ஆ ஃபமோசா கோட்டையில் மிஞ்சியது இந்த ஒரு வாசல்தான். கோட்டையை ஆங்கிலேயர் 1807 முதல் இடித்தார்கள். வாசலின் மேல் பொறித்திருக்கும் முத்திரை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியுடையது, ஆண்டு 1670. கட்டியவர் ஒருவர், முத்திரை வைத்தவர் ஒருவர், இடித்தவர் ஒருவர். பிள்ளைகளுக்கு வரலாற்றுப் பாடம் ஒரே கல்லில் முடிந்துவிடும்.

முட்டி வலி உள்ளவர்களை ஏற்ற வேண்டாம். அவர்களைக் கீழே வாசலருகே நிழலில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் ஏறி இறங்கி வாருங்கள், முக்கால் மணி போதும். அங்கிருந்து டச்சுச் சதுக்கம் நடைதூரம்: 1753இல் கட்டிமுடித்த கிறிஸ்து ஆலயம், 1650 வாக்கில் எழுந்த ஸ்டாட்ஹவ்ஸ். செங்கட்டடம் என்று ஊரார் சொல்லும் இவை டச்சுக்காரர் காலத்தில் வெள்ளையாக இருந்தன, சிவப்பு பிற்பாடு அடித்தது. பூவும் விளக்கும் பாட்டுமாக வரும் பெச்சா வண்டியில் சிறு பிள்ளைகளுக்கு ஆசை வரும். ஏறுமுன் கட்டணமும் எவ்வளவு தூரம் என்பதும் பேசிக்கொள்ளுங்கள்.

இருட்டியபின் ஆற்றுப் படகு. ஏறக்குறைய முக்கால் மணி நேரம், சுவர் ஓவியங்களையும் பழைய மலாய்க் குடியிருப்பான கம்போங் மோர்டனையும் கடந்து போய்த் திரும்பும். நடக்க முடியாதவர்கள் ஊரைப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

ஜோங்கர் இரவுச்சந்தை வெள்ளி, சனி, ஞாயிறு மாலைகளில் நடக்கும். அதைப் பிள்ளையின் கையில் விட்டுவிடுங்கள். எந்தக் கடையில் எதைத் தின்ன வேண்டும், எங்கே திரும்பினால் கூட்டம் குறையும் என்று அவர்களுக்குத் தெரியும். நீங்கள் பின்னால் நடங்கள். நேற்றுவரை கைபிடித்துச் சாலை கடந்த பிள்ளை இன்று நம்மைக் கைபிடித்து ஊர் காட்டுகிறது.

நான்காம் வேளை, ஞாயிறு காலை: கம்போங் செட்டி

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு வேளையைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது கட்டாயப்படுத்தினால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன். ஜாலான் காஜா பேராங், ஜோங்கரிலிருந்து காரில் பத்து நிமிடத்துக்குள். சுற்றுலாப் பேருந்துகள் அதிகம் நிற்காத இடம்.

மலாக்கா சுல்தான்களின் காலத்தில் வாணிபம் செய்ய வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து தங்கிவிட்ட தமிழ் வணிகரின் வழிவந்தவர்கள் மலாக்காச் செட்டிகள். அந்தத் துறைமுகத்தில் நம் வணிகர்கள் எவ்வளவு செல்வாக்கோடு இருந்தார்கள் என்பதற்கு ஒரு சான்று: போர்த்துகீசியர் ஊரைப் பிடித்ததும் பெண்டஹாரா என்ற உயர்பதவியில் அமர்த்தியது நைனா சாத்து என்ற இந்து வணிகரை. செட்டிகளுக்கு வீட்டுமொழி மலாய். உடை சாரோங் கெபாயா. சமயம் சைவம். பெயருக்குப் பின்னால் பிள்ளை, செட்டி, நாயக்கர் இன்னும் நிற்கின்றன.

கிராமத்து வாசலில் சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. திறந்திருக்கும் நேரத்தை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பார்த்துவிட்டுத் தெருவில் மெதுவாக நடங்கள். நிலைவாசலில் கட்டிய மாவிலையைப் பாருங்கள், வீட்டு முன்புறத்தைப் பாருங்கள். 1822ஆம் ஆண்டைச் சேர்ந்த ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயில் அருகிலேயே இருக்கிறது. சித்திரையை ஒட்டி அம்மனுக்கு நடக்கும் திருவிழாவுக்கு அவர்கள் இட்ட பெயர் டத்தோ சாச்சார். சாச்சார் என்றால் அம்மை. மாரியம்மன் மலாய் மொழியில் எப்படிக் குடியேறினாள் என்பது அந்த ஒரு பெயரிலேயே தெரிகிறது. தை மாதத்தை ஒட்டியும், பழங்கள் காய்த்துக் குலுங்கும் காலத்திலும் முன்னோருக்குப் படையல் போடுவார்கள், அதற்குப் பார்ச்சு என்று பெயர்.

இங்கே நடந்துகொள்ளும் முறை முக்கியம். இது மக்கள் குடியிருக்கும் தெரு, கண்காட்சி அல்ல. வீட்டைப் படமெடுக்குமுன் கேளுங்கள். பெரியவர்களை மலாயில் வணங்கிப் பேசத் தொடங்குங்கள். "தமிழராக இருந்துகொண்டு தமிழ் ஏன் பேசமாட்டேன் என்கிறீர்கள்?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். கடல் கடந்து வந்து, ஆட்சி மூன்று மாறியும், மொழி கைநழுவியும், விளக்கையும் திருநீற்றையும் விடாமல் காத்தவர்கள் அவர்கள். நம் வீட்டுப் பேரப்பிள்ளைகள் இன்னும் நூறு ஆண்டு கழித்து என்ன பேசுவார்கள், எதைக் காப்பார்கள் என்ற கேள்வி அந்தத் தெருவில் நடக்கும்போது தானாகவே வரும். அது வரட்டும். அதற்காகத்தான் இந்த வேளையைத் தனியாக ஒதுக்கச் சொல்கிறேன்.

ஐந்தாம் வேளை, ஞாயிறு உச்சி: வளாகம்

பதினோரு மணிக்கு அறையைக் காலிசெய்துவிட்டு பிள்ளையின் வளாகத்துக்குப் போங்கள். வளாகங்கள் ஊரின் வெளிப்புறத்தில், டோல் பக்கமாக இருப்பதால் திரும்பும் வழியிலேயே முடிந்துவிடும். மல்டிமீடியா பல்கலைக்கழகம் 1996இல் தனியார் பல்கலைக்கழகங்களுக்கு முன்னோடியாக மலாக்காவில் தொடங்கியது. யுடெம் 2000ஆம் ஆண்டு டிசம்பரில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 2007இல் முழுப் பல்கலைக்கழகமானது.

வருங்காலத்தில் பிள்ளையை அங்கே சேர்க்க நினைப்பவர்களும் இந்த வேளையைப் பயன்படுத்திக்கொள்ளலாம். வாசலில் காவலரிடம் சொல்லி அனுமதி பெற்று, மூன்று விஷயங்களைப் பாருங்கள்: விடுதியிலிருந்து வகுப்புக்கு நடைதூரமா, இரவில் அந்தப் பாதையில் விளக்கு உண்டா, மாணவர்கள் சாப்பிடும் கடைகளில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு எவ்வளவு ஆகிறது. விளம்பரத் தாளில் இவை இருக்காது.

வீட்டிலிருந்து கொண்டுபோனதை இப்போது கொடுங்கள். சனிக்கிழமையே கொடுத்தால் பாதி அறைத்தோழர்கள் பங்கில் தீர்ந்துவிடும். மிளகாய்த்தூள், ஊறுகாய், நன்றாகச் சுண்டிய நெத்திலிச் சம்பல் தாங்கும். தேங்காய்ப் பால் சேர்ந்த எதையும் கட்டிக்கொடுக்காதீர்கள்.

இரண்டு மணிக்குள் டோலைத் தாண்டிவிடுங்கள். ஞாயிறு நான்கு மணிக்குமேல் சிரம்பானிலிருந்து வண்டிகள் நத்தையாக ஊரும். இருட்டுமுன் பூச்சோங் வந்து சேர்ந்தால் திங்கட்கிழமைக்குத் துணி மடிக்க நேரம் இருக்கும்.

புறப்படுமுன் சரிபார்க்க

• பிள்ளையின் தேர்வு, ஒப்படைப்புத் தேதிகள் கேட்டாயிற்றா?
• தங்கும் விடுதியில் மின்தூக்கி, அறைக்குச் சன்னல், கார் நிறுத்துமிடம்?
• டச் அண்ட் கோ அட்டையில் பணம்?
• கோயில், பள்ளிவாசலுக்கு ஏற்ற உடை, எளிதில் கழற்றும் செருப்பு?
• குடை, தண்ணீர், முதியவர்களின் மருந்து?
• செலவை எட்டணா கணக்காக எழுத வேண்டாம். பயணம், அறை, சாப்பாடு, கைச்செலவு என்று நான்கு உறை போட்டு, ஐந்தாவதாகப் பிள்ளையின் கையில் கொடுத்து வர ஓர் உறை வையுங்கள்.

கம்போங் போர்ச்சுகிஸ், செலாட் மலாக்கா பள்ளிவாசல், ஆயர் குரோ மிருகக்காட்சிசாலை, புக்கிட் சீனா எதையும் இந்த ஐந்து வேளைக்குள் நான் சேர்க்கவில்லை. வேண்டுமென்றே விட்டேன். ஒரு பட்டப்படிப்பு மூன்று நான்கு ஆண்டுகள் ஓடுகிறது, ஊர் 140 கிலோமீட்டரில் இருக்கிறது. விடுதி வாசலில் விடைபெறும்போது "அடுத்த தடவை எங்கம்மா போகலாம்?" என்று கேட்க ஓர் இடம் மீதி இருக்கட்டும்.